லெவ் ஷுப்னிகோவ்: மீக்கடத்திக்குள் காந்தப்புலம் நுழைவதைக் கண்டவர்

கடந்த பருவத்தில் எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு செய்முறையைப் பார்த்தோம். ஐம்பது சென் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு வில்லை ஒன்று தட்டில் இருந்தது. அதன்மேல் மெல்லிய தக்கைத் துண்டு, தக்கையின்மேல் ஒரு சிறு காந்தம். விரிவுரையாளர் திரவ நைட்ரஜனை ஊற்றினார். கொதிப்பு அடங்கியதும் தக்கையை மட்டும் உருவி எடுத்தார். காந்தம் அந்தரத்தில் நின்றது.

இதுவரை பலரும் காணொளியில் பார்த்ததுதான். அடுத்து அவர் செய்ததுதான் எங்களை யோசிக்க வைத்தது. காந்தத்தை விரல்களால் பிடித்து மெல்ல மேலே தூக்கினார். வில்லையும் அதே இடைவெளியில் தொற்றிக்கொண்டு கூடவே எழுந்தது. காந்தம் வில்லையைத் தள்ளுகிறது என்றால் வில்லை விழுந்திருக்க வேண்டும். இழுக்கிறது என்றால் வந்து ஒட்டியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

அதற்கு விடை இதுதான்: காந்தத்தின் புலம் மெல்லிய இழைகளாக வில்லைக்குள் நுழைந்திருக்கிறது. அந்த இழைகள் படிகத்தில் உள்ள குறைபாடுகளில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்கின்றன. படிகம் குறையே இல்லாததாக இருந்திருந்தால் இந்த வித்தை நடந்திருக்காது.

மீக்கடத்திக்குள் காந்தப்புலம் இப்படி நுழைய முடியும், நுழைந்த பிறகும் அது மீக்கடத்தியாகவே இருக்கும் என்பதைச் சந்தேகத்திற்கு இடமில்லாமல் சோதனையில் காட்டியவர் லெவ் வசீலியெவிச் ஷுப்னிகோவ். அந்த ஆய்வின் விரிவான கட்டுரை வெளியான அதே ஆண்டில், 36 வயதில், அவர் சொந்த நாட்டு அரசாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இயற்பியல் படிக்கும் மாணவர்கள் அவர் பெயரை ஒரு விளைவின் பெயரில் பார்த்திருப்பார்கள். அவர் வாழ்க்கையை அறிந்தவர்கள் குறைவு.

படகில் தொலைந்த மாணவர்

ஷுப்னிகோவ் 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை கணக்காளர். புரட்சி நடந்து ஓராண்டுகூட ஆகாத 1918-இல் ஷுப்னிகோவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நகரின் பெயர் அப்போது பெட்ரோகிராட் என்று மாறியிருந்தது. உள்நாட்டுப் போர், உணவுப் பஞ்சம், விறகுப் பஞ்சம் என்று நகரமே திணறிக்கொண்டிருந்த காலம். இயற்பியல் வகுப்பில் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. அந்தப் பல்கலைக்கழக நாள்களில்தான் ஓல்கா டிரபெஸ்னிகோவா என்ற இயற்பியல் மாணவியின் நட்பு கிடைத்தது. பின்னாளில் அவரே ஷுப்னிகோவின் மனைவியும் சக ஆய்வாளரும் ஆனார்.

ஷுப்னிகோவுக்குப் பாய்மரப் படகு ஓட்டுவதில் விருப்பம். 1921-இல் ஃபின்லாந்து வளைகுடாவில் படகில் சென்றவர், எல்லை கடந்து ஃபின்லாந்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கிருந்து ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். ஊர் திரும்ப 1922 ஆகிவிட்டது. மாணவப் பருவத்தில் நடந்த ஒரு சாகசம் என்று சிரித்துவிட்டுப் போகக்கூடிய நிகழ்ச்சி இது. ஆனால் அயல்நாட்டில் சில மாதம் இருந்து வந்ததே ஒருவரைச் சந்தேகிக்கப் போதுமானதாக ஆகப்போகும் நாட்டில் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

திரும்பி வந்தவர் பல்தொழில்நுட்பக் கழகத்தில் படிப்பைத் தொடர்ந்து 1926-இல் பட்டம் பெற்றார். படிக்கும்போதே இவான் ஒப்ரெய்மோவ் என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து உருகிய உலோகத்திலிருந்து ஒற்றைப் படிகம் வளர்க்கும் முறை ஒன்றை உருவாக்கினார். அது இன்றும் இருவர் பெயராலும் அழைக்கப்படுகிறது.

ஒற்றைப் படிகம் என்றால் என்ன? சாதாரண உலோகத் துண்டு ஒன்றை உருப்பெருக்கியில் பார்த்தால் பல்லாயிரம் சிறு மணிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது தெரியும். மணிக்கு மணி அணுக்கள் அடுக்கப்பட்ட திசை வேறு. ஒற்றைப் படிகத்தில் துண்டு முழுவதும் அணுக்கள் ஒரே ஒழுங்கில் நிற்கும். அதை வளர்க்கப் பொறுமை வேண்டும். சூட்டைச் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டால் படிகம் உடைந்து பல மணிகளாகிவிடும். ஷுப்னிகோவின் வாழ்க்கையில் அடுத்து நடந்த எல்லாவற்றுக்கும் இந்தக் கைத்திறனே அடித்தளம்.

லைடன் நகரில் நான்கு ஆண்டுகள்

நெதர்லாந்தின் லைடன் நகரம் அக்காலத்தில் குளிர் இயற்பியலின் தலைநகரம். ஹீலியம் முதன்முதலில் திரவமாக்கப்பட்டது அங்கேதான், 1908-இல். 1911-இல் அதே ஆய்வுக்கூடத்தில் ஹைக்கே காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தைக் குளிர வைத்தபோது, ஏறத்தாழ 4.2 கெல்வினில் அதன் மின்தடை திடீரென்று மறைந்தது. மீக்கடத்தல் கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான்.

அந்த ஆய்வுக்கூடத்தில் வாண்டர் டி ஹாஸ் என்பவருக்குப் பிஸ்மத் உலோகத்தின் சிறந்த படிகங்கள் தேவைப்பட்டன. காந்தப்புலத்தில் பிஸ்மத்தின் மின்தடை மிகவும் மாறுகிறது. ஆனால் துளி மாசு இருந்தாலும் முடிவு மாறிவிடும். படிகம் வளர்க்கத் தெரிந்த ஷுப்னிகோவ் 1926-இல் லைடனுக்கு அனுப்பப்பட்டார். ஓல்காவும் அங்கே வந்து சேர்ந்தார்.

நான்கு ஆண்டுகள் அவர் பிஸ்மத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டே இருந்தார் என்று சொல்லலாம். படிகம் தூய்மையாக ஆக ஆக ஒரு புதுமை தெளிவாகத் தெரிந்தது. காந்தப்புலத்தைக் கூட்டும்போது மின்தடை ஒரே சீராக உயரவில்லை, அலைபோல ஏறி இறங்கியது. 1930-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பே ஷுப்னிகோவ்–டி ஹாஸ் விளைவு. உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் எப்படி இயங்குகின்றன என்பதை அளக்க இன்றும் ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். மாசுள்ள படிகத்தில் அந்த அலைகள் மங்கி மறைந்துவிடும்.

கார்கோவில் ஒரு குளிர் ஆய்வுக்கூடம்

1930-இல் கணவனும் மனைவியும் சோவியத் நாட்டுக்குத் திரும்பினார்கள். சோவியத் உக்ரேனின் தலைநகராக அப்போது இருந்த கார்கோவில், 1928-இல் தொடங்கப்பட்ட உக்ரேனிய இயற்பியல் தொழில்நுட்பக் கழகத்தில் இருவரும் சேர்ந்தார்கள். கழகத்தின் இயக்குநர் பழைய நண்பர் ஒப்ரெய்மோவ். 1931-இல் ஷுப்னிகோவ் அங்கே குளிர் ஆய்வுக்கூடத்தின் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 30.

உக்ரேன் கொடும் பஞ்சத்தில் சிக்கிய காலம் அது. அந்தச் சூழலில்தான் அவருடைய குழு ஆய்வுக்கூடத்தைக் கட்டி எழுப்பியது. முதலில் திரவ ஹைட்ரஜன், பிறகு திரவ ஹீலியம். திரவ ஹீலியம் செய்யக்கூடிய ஆய்வுக்கூடங்களை அன்று உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். சோவியத் நாட்டில் இதுதான் முதலாவது. 1932-இல் லெவ் லாண்டாவ் கார்கோவுக்கு வந்து கோட்பாட்டுப் பிரிவை ஏற்றார். இரண்டு லெவ்களும் நெருங்கிய நண்பர்களானார்கள்.

ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அந்தக் கூடத்திலிருந்து வந்த முடிவுகள் வியப்பூட்டுபவை. ஓல்காவும் ஷுப்னிகோவும் சேர்ந்து இரும்புக் குளோரைடு போன்ற உப்புகளின் வெப்ப ஏற்புத்திறனை அளந்து, இன்று எதிர்ஃபெரோகாந்தம் என்று அழைக்கப்படும் நிலைக்கு ஆரம்பச் சான்றுகளைத் தந்தார்கள். போரிஸ் லாசரெவுடன் சேர்ந்து திட ஹைட்ரஜனில் அணுக்கருவின் மிக நுண்ணிய காந்தத்தன்மையை ஷுப்னிகோவ் அளந்தார். ஆனால் நம் கதைக்குத் தேவையானது மீக்கடத்தி உலோகக்கலவைகளைப் பற்றிய ஆய்வு.

குற்றம் மாதிரியிலா, இயற்கையிலா?

மீக்கடத்தி கண்டுபிடிக்கப்பட்டதும், மின்தடை இல்லாத கம்பியைச் சுற்றி மாபெரும் காந்தம் செய்யலாம் என்று காமர்லிங் ஓன்னஸ் கனவு கண்டார். கனவு கலைந்தது. ஈயத்தை எடுத்துக்கொண்டால், காந்தப்புலம் ஒரு டெஸ்லாவில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதற்குள் மீக்கடத்தல் அழிந்துவிடுகிறது. 1933-இல் பெர்லினில் வால்தர் மைஸ்னரும் ராபர்ட் ஓக்சன்ஃபெல்டும் இன்னொன்றைக் கண்டார்கள். தூய மீக்கடத்தி காந்தப்புலத்தை முழுவதும் வெளியே தள்ளிவிடுகிறது. புலம் வலுத்தால் ஒரே அடியில் தோற்றுச் சாதாரண உலோகமாகிவிடுகிறது. உள்ளே விடுவதா, வேண்டாமா என்பதில் நடுநிலை இல்லை.

ஆனால் உலோகக்கலவைகள் இந்த விதிக்கு அடங்கவில்லை. ஈயமும் பிஸ்மத்தும் கலந்த கலவை, ஏறத்தாழ 2 டெஸ்லா வரை மீக்கடத்தியாகவே இருந்ததை 1930-இல் லைடனில் கண்டிருந்தார்கள். அதேவேளையில் புலம் அதைவிட மிகக் குறைவாக இருக்கும்போதே கலவைக்குள் கசியத் தொடங்கிவிட்டதாகவும் தெரிந்தது.

இதற்குப் பலரும் ஏற்ற விளக்கம், மாதிரியின் மீது பழியைப் போடுவது. கலவை சீராக இல்லை, உள்ளே பஞ்சு போன்ற ஓர் இழைப்பின்னல் இருக்கிறது, அந்த மெல்லிய இழைகள் மட்டும் வலிய புலத்தைத் தாங்குகின்றன, மற்ற இடமெல்லாம் சாதாரண உலோகமாகிவிட்டது என்று ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய கர்ட் மெண்டல்சோன் விளக்கினார். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. கலவைகளில் மாசும் குறைபாடும் நிறைய உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஷுப்னிகோவும் அவருடைய குழுவினரும் வாதாடவில்லை, சுத்தமான மாதிரியைச் செய்தார்கள். ஈயத்தில் தாலியத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பல கலவைகள், இண்டியத்தைக் கூட்டிச் சில கலவைகள். ஒவ்வொன்றையும் ஒற்றைப் படிகமாக வளர்த்தார்கள். உருகுநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டில் நெடுநேரம் வைத்திருந்து, இரண்டு உலோகமும் துண்டு முழுவதும் சமமாகப் பரவும்படி செய்தார்கள். பஞ்சுப் பின்னல் இருப்பதற்கு இடமே இல்லாத மாதிரிகள் அவை. பிறகு திரவ ஹீலியத்தில் வைத்துக் காந்தமாக்கலை அளந்தார்கள்.

தாலியம் மிகக் குறைவாக இருந்தபோது கலவை தூய ஈயத்தைப் போலவே நடந்துகொண்டது. தாலியம் ஓர் அளவைத் தாண்டியதும் நடத்தை மாறியது. இப்போது இரண்டு எல்லைகள் தோன்றின. கீழ் எல்லை வரை புலம் முழுவதும் வெளியே நின்றது. அதைத் தாண்டியதும் சிறிது சிறிதாக உள்ளே நுழைந்தது, ஆனால் மீக்கடத்தல் அழியவில்லை. மேல் எல்லையை எட்டியபோதுதான் அழிந்தது. தாலியத்தைக் கூட்டக் கூட்டக் கீழ் எல்லை இன்னும் கீழே போனது, மேல் எல்லை இன்னும் மேலே சென்றது.

மாசுதான் காரணம் என்றால் மாதிரி சுத்தமாக ஆக ஆக இந்த நடத்தை மறைய வேண்டும். மறையவில்லை, இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. ஆகவே இது அழுக்கின் விளைவன்று, பொருளின் இயல்பே அப்படி. மீக்கடத்திகளில் இரண்டு வகை உண்டு. இன்று பாடநூல்கள் இரண்டாம் வகை மீக்கடத்தி என்று சொல்வது இதைத்தான். இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட கலப்பு நிலைக்கு ஷுப்னிகோவ் நிலை என்றே ஒரு பெயர் உண்டு. இந்த ஆய்வின் விரிவான கட்டுரை 1937-இல் ரஷ்ய மொழியில் வெளியானது.

1937

அந்த ஆண்டு சோவியத் நாட்டில் ஸ்டாலினின் பெரும் களையெடுப்பு உச்சத்தில் இருந்தது. கார்கோவ் கழகத்தில் அயல்நாட்டு அறிவியலாளர்கள் பலர் பணியாற்றினர். ஷுப்னிகோவ் போன்றோர் அயல்நாட்டில் பயிற்சி பெற்றவர்கள். உளவு, நாசவேலை என்று குற்றம் சுமத்த இதுவே போதுமானதாக இருந்தது. லாண்டாவ் ஆண்டின் தொடக்கத்திலேயே மாஸ்கோவுக்குப் போய்விட்டார்.

1937 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஷுப்னிகோவ் கைது செய்யப்பட்டார். ஓல்கா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. சில நாள்களில் மகன் பிறந்தான். தந்தை அவனைப் பார்க்கவே இல்லை. திறந்த நீதிமன்ற விசாரணை எதுவும் நடக்கவில்லை. நவம்பர் 10-ஆம் நாள் ஷுப்னிகோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே கழகத்தைச் சேர்ந்த லெவ் ரோசன்கெவிச், வாதிம் கோர்ஸ்கி ஆகிய இயற்பியலாளர்களும் அதே மாதத்தில் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் லாண்டாவும் மாஸ்கோவில் கைதானார். ஓராண்டுச் சிறைக்குப் பிறகு, பியோத்தர் கபீத்சாவின் முயற்சியால் உயிரோடு வெளியே வந்தார்.

ஷுப்னிகோவின் குடும்பத்துக்கு உண்மை சொல்லப்படவில்லை. அவர் 1945-இல் இறந்ததாகப் பொய்த் தகவல் தரப்பட்டது. பல நூல்களில் நெடுங்காலம் அந்த ஆண்டே அச்சாகி வந்தது. உண்மையான நாள் பல பத்தாண்டுகள் கழித்து, பழைய ஆவணங்கள் திறக்கப்பட்ட பிறகே தெரிந்தது.

ஒரு மனிதனைக் கொல்வதோடு இத்தகைய அநியாயம் நிற்பதில்லை. கைதானவரின் பெயரைச் சொல்லவே மற்றவர்கள் அஞ்சுவார்கள். அவருடைய கட்டுரையை எடுத்துக்கொண்டு மாநாடுகளில் பேச ஆளிருக்காது. பஞ்சு விளக்கம் தவறு என்பதற்கான சான்று அச்சில் இருந்தும், மேலும் இருபது ஆண்டுகளுக்கும் அதிகமாக உலகின் பெரும்பாலான ஆய்வாளர்கள் பஞ்சு விளக்கத்தையே நம்பினார்கள்.

சுழல்களின் வரிசை

1950-இல் வித்தாலி கின்ஸ்பர்க்கும் லாண்டாவும் மீக்கடத்திக்குப் புதிய கோட்பாடு ஒன்றை எழுதினார்கள். லாண்டாவின் இளைய சகா அலெக்ஸி அப்ரிகோசோவ் அதே சமன்பாடுகளை வேறொரு திசையில் கொண்டுபோனார். சமன்பாட்டில் உள்ள ஓர் எண் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார். புலம் நுண்ணிய குழாய்களாக உள்ளே நுழையும் என்று விடை வந்தது. ஒவ்வொரு குழாயின் நடுவிலும் மீக்கடத்தல் இல்லாத ஒரு மெல்லிய உட்கரு இருக்கும். அதைச் சுற்றி மின்னோட்டம் சுழன்றுகொண்டிருக்கும். அதனால்தான் இதற்குச் சுழல் என்று பெயர்.

லாண்டாவ் இதை முதலில் ஏற்கவில்லை. கட்டுரை சில ஆண்டுகள் மேசைக்குள்ளேயே கிடந்தது. 1957-இல்தான் வெளிவந்தது. தன் கணக்குச் சரியா என்று பார்க்க அப்ரிகோசோவுக்கு நல்ல சோதனை முடிவு தேவைப்பட்டது. ஷுப்னிகோவ் குழுவின் ஈயம்–தாலியம் அளவீடுகளை எடுத்து ஒப்பிட்டார். இரண்டும் நன்றாகப் பொருந்தின. இருபது ஆண்டு பழைய அளவீடு, தான் எதைப் பார்த்தது என்று அப்போதுதான் விளங்கியது. ஷுப்னிகோவ் குற்றமற்றவர் என்று அரசு அறிவித்ததும் அதே 1957-இல்தான். அப்ரிகோசோவுக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒவ்வொரு சுழலும் சுமக்கும் காந்தப் பாயம் ஒரே அளவு. புலத்தைக் கூட்டினால் சுழல் தடிக்காது, எண்ணிக்கைதான் பெருகும். 1 டெஸ்லா புலத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 48 பில்லியன் சுழல்கள் இருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 50 நானோமீட்டர். 1967-இல் உவே எஸ்மனும் ஹெர்மன் டிராய்ப்லெயும் மிக நுண்ணிய காந்தத் துகள்களைத் தூவி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சுழல்களைப் படம் எடுத்தார்கள். முக்கோண ஒழுங்கில் அவை வரிசையாக நின்றன. அவர்கள் பயன்படுத்திய மாதிரிகளில் ஒன்று ஈயம்–இண்டியம் கலவை. ஷுப்னிகோவ் அளந்த கலவைகளின் இனம்.

குறைபாடு பயன்படும் இடம்

இப்போது எதிர்பாராத ஒன்று வருகிறது. ஷுப்னிகோவ் வளர்த்ததைப் போன்ற சுத்தமான படிகத்தில் பெரிய மின்னோட்டத்தைச் செலுத்த முடியாது. மின்னோட்டம் சுழல்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சுழல்கள் நகர்ந்தால் ஆற்றல் வீணாகிறது, மின்தடை திரும்பி வந்துவிடுகிறது. நகராமல் இருக்க அவற்றை எங்காவது மாட்ட வேண்டும்.

அந்தக் கொக்கிதான் குறைபாடு. சுழலின் உட்கருவில் மீக்கடத்தல் அழிந்திருக்கும், அதற்கு ஆற்றல் செலவாகும். ஏற்கெனவே மீக்கடத்தாத ஒரு மாசுத்துகளின் மீதோ படிகச் சிதைவின் மீதோ சுழல் போய் நின்றால் அந்தச் செலவு மிச்சம். ஆகவே சுழல் அங்கேயே தங்கிவிடுகிறது. 1961-இல் நியோபியம்–வெள்ளீயச் சேர்மம் ஒன்று 8.8 டெஸ்லா புலத்திலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100,000 ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்கியதை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். காமர்லிங் ஓன்னஸின் கனவு ஐம்பது ஆண்டு கழித்து நிறைவேறியது. இன்று மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவிகளின் காந்தக் கம்பி நியோபியம்–டைட்டேனியம் கலவை. அந்தக் கம்பியைச் செய்யும்போது வேண்டுமென்றே குறைபாடுகளை உள்ளே வளர்க்கிறார்கள்.

அப்படியானால் மெண்டல்சோனும் முழுவதும் தவறவில்லை. குறைபாடுகளுக்கு வேலை உண்டு. ஆனால் சுழல்களை உண்டாக்குவது பொருளின் இயல்பு, அவற்றைப் பிடித்து வைப்பது குறைபாடு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முதலில் குறைபாடே இல்லாத மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. அதைச் செய்து காட்டியதுதான் ஷுப்னிகோவின் பங்கு.

அடுக்குப் படிகங்களில் தோசை அடுக்கு

1986-இல் ஜார்ஜ் பெட்னோர்ஸும் அலெக்ஸ் முல்லரும் செம்பு ஆக்ஸைடு மீக்கடத்திகளைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த பொருள் ஏறத்தாழ 92 கெல்வினில் மீக்கடத்தியானது. திரவ நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வின் என்பதால், விலை உயர்ந்த ஹீலியம் இல்லாமலேயே வேலை நடந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்துக் கறுப்பு வில்லை அதே பொருள்தான். இவை அனைத்தும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இந்தப் படிகங்கள் குவே லாப்பிஸ் பலகாரம் போல அடுக்கடுக்காக இருக்கின்றன. மீக்கடத்தல் முக்கியமாகச் செம்பும் ஆக்சிஜனும் உள்ள தளங்களில் நடக்கிறது. இடைப்பட்ட அடுக்குகள் வலுவற்றவை. ஆகவே இங்கே சுழல் ஒரு முழுக் குழாயாக இருப்பதில்லை. தளத்துக்கு ஒன்றாகத் தட்டையான சுழல்கள், தட்டில் அடுக்கிய தோசைகளைப் போல, ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன. பிஸ்மத் கலந்த செம்பு ஆக்ஸைடுகளில் தளங்களுக்கு இடையிலான பிடிப்பு மிகவும் குறைவு. 77 கெல்வினில் வெப்ப அதிர்வும் அதிகம். அடுக்கு சரிகிறது, தோசைகள் தனித்தனியே நழுவுகின்றன. ஒழுங்காக நிற்கும் சுழல் வரிசை, பனிக்கட்டி உருகுவதைப் போல உருகியும் விடுகிறது. எல்டாட் செல்டோவ் குழுவினர் 1995-இல் பிஸ்மத் வகைப் படிகத்தில் அந்த உருகலைத் தெளிவாக அளந்து காட்டினார்கள்.

இங்கே எந்தக் குறைபாடு என்பதும் முக்கியமாகிறது. ஓர் ஆக்சிஜன் அணு காணாமல் போன இடம் ஒரு தோசையை மட்டும் பிடிக்கும். மேலும் கீழும் உள்ளவை நழுவிவிடும். அடுக்கு முழுவதையும் பிடிக்க, சாத்தே குச்சியைப் போல எல்லாத் தளங்களையும் துளைத்துச் செல்லும் நீண்ட குறைபாடு வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் கனமான அயனிகளை மிக வேகமாகப் படிகத்துக்குள் பாய்ச்சி, சில நானோமீட்டர் அகலமுள்ள தூண் போன்ற தடங்களை உண்டாக்கினார்கள். உயர்ந்த வெப்பநிலையிலும் சுழல்கள் அந்தத் தூண்களில் நன்றாக மாட்டிக்கொண்டன. தொழிற்சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நாடா செய்ய இம்முறை எளிதன்று. ஆகவே பேரியம் சிர்க்கோனேட் என்ற பொருளைச் சிறிது கலந்து, படலம் வளரும்போதே அது தானாக நானோ தூண்களாக எழும்படி செய்யும் முறை வந்தது. அதற்கும் ஒரு வரம்பு உண்டு. புலம் தூண்களின் திசையில் இருந்தால் பிடிப்பு வலுவாக இருக்கும், சாய்ந்தால் குறையும். எவ்வளவு கலப்பது, எந்தத் திசையில் வளர்ப்பது என்பதில் ஆய்வு இன்றும் தொடர்கிறது.

அதேவேளையில் எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. 2007-இல் மிகத் தூய்மையான இட்ரியம் செம்பு ஆக்ஸைடுப் படிகத்தை 60 டெஸ்லாவையும் தாண்டும் புலத்தில் வைத்து மின்தடையை அளந்தார்கள். அது அலைபோல ஏறி இறங்கியது. 1930-இல் பிஸ்மத்தில் பார்த்த அதே ஷுப்னிகோவ்–டி ஹாஸ் விளைவு. நவீன மீக்கடத்தியின் எலக்ட்ரான்களை அறியவும் அவர் வழிமுறையே உதவியது, அதற்கும் குறையற்ற படிகமே தேவைப்பட்டது.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது

பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் செய்முறை அறிக்கை எழுதும்போது, எதிர்பார்த்த விடை வராவிட்டால் நாம் செய்வது ஒன்றுதான். பிழைகள் என்ற தலைப்பின் கீழ் மாதிரியையும் கருவியையும் குறை சொல்லி இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படிப் பலமுறை எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மாதிரிதான் குற்றவாளி என்று சொல்பவர், சுத்தமான மாதிரியில் மீண்டும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். ஷுப்னிகோவ் அதைச் செய்தார். உலகத்தின் பிற ஆய்வாளர்கள் அழுக்கு என்று ஒதுக்கிய இடத்தில் ஒரு புதிய நிலை இருந்தது.

அவருக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை. அவர்மேல் சுமத்திய குற்றத்தைச் சோதித்துப் பார்க்க யாரும் முன்வரவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து வந்த விடுதலை அவரைத் திருப்பித் தரவில்லை. கணவரை இழந்த ஓல்கா லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துக்கொண்டு, மகனை வளர்த்து, நீண்ட ஆயுள் வாழ்ந்தார்.

அடுத்த முறை அந்தரத்தில் நிற்கும் காந்தத்தைப் பார்க்கும்போதோ, எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருக்கும் உறவினருக்காக வெளியே காத்திருக்கும்போதோ, கார்கோவில் இரவு பகலாகப் படிகம் வளர்த்த இந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அளந்த எண்கள் இன்னும் சரியாகவே இருக்கின்றன.